ஏழாம் எண் இடத்துக்கு இரண்டு ரிமோட்

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. தடுப்புக் கை இதுவரை ஏறி இறங்கியது 1,126 முறை. ஆயிரம், நான் சோதனைக்காக ஓட்டியது. 98 அம்மா. 28 அபூ நாயிஃப். நீ: பூஜ்யம்.

அன்புள்ள ஃபிராஸ் அண்ணனுக்கு,

தம்பி குதைபா அம்மானிலிருந்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. முக்கால்வாசி நலம். மீதியை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறானே என்று ஹனோவரில் உட்கார்ந்து சிரிக்காதே. உறைக்குள் ஒரு ரிமோட் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவோடு பத்து நிமிடம் பேசுகிறாய். அந்தப் பத்து நிமிடத்தில் சாப்பாட்டையும் குளிரையும் தவிர வேறு எதற்கும் இடமில்லை. அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். ஆகவே நான் எழுதுகிறேன்.

நீ போய் ஆறு வருடம். காரை விற்றுவிட்டுப் போனாய், கார் நின்ற இடத்தை விட்டுவிட்டுப் போனாய். கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, ஏழாம் எண். அதில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்று அம்மா சொன்னது உனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் பத்து வீட்டுக்குப் பதினாறு கார். காலி இடம் என்று ஒன்று இருந்தால் அது எப்படிக் காலியாக இருக்கும்? நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பெயின்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றி, நடுவில் குழாய் நட்டேன். உருட்டிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அடுத்து சங்கிலியும் பூட்டும். பூட்டின் ஓட்டையில் யாரோ பசை ஊற்றினார்கள். மூன்றாவது, கடையில் விற்கிற முக்கோணக் கம்பி. ஒரு பிக்கப் வண்டி ஏறி அதைத் தரையோடு தரையாக்கியது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பன்னிரண்டு மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் யந்திரம் என் பேச்சைக் கேட்கிறது, முக்கால் மீட்டர் இரும்பு கேட்காதா?

இதை நான்தான் செய்தேன், ஆகவே பெருமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். உடைத்துப் போட்ட காரிலிருந்து எடுத்த வைப்பர் மோட்டார். அதன் பற்சக்கரம் மோட்டாரிலிருந்து தடுப்புக் கைக்குத்தான் ஓடும், கையை அமுக்கி மோட்டாரைச் சுற்ற முடியாது. அதாவது நாலு பேர் ஏறி நின்றாலும் இறங்காது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். கார் இடித்தால் கை வளைந்து கொடுக்கும், கார் விலகியதும் தானே நிமிரும். லிஃப்டில் இருப்பது போலவே மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். வெளிச் சுவரில் சோலார் தகடு. ஜூன் 25 அன்று பொருத்தினேன். அதற்குப் பிறகு போன வாரம் வரைக்கும் ஒரு கார்கூட அங்கே நின்றதில்லை. ஒன்றுகூட.

ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். காலையில் ரொட்டி சுட்டு முடித்ததும் பால்கனியிலிருந்து ஒரு முறை இறக்குவாள், ஒரு முறை ஏற்றுவாள். எதற்கும்மா, பேட்டரி வீணாகிறது என்றேன். "துருப்பிடிச்சு நின்னுட்டா? அவன் வந்து வாசல்ல ஹார்ன் அடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்றாள். அந்த 98 இப்படி வந்ததுதான். பத்து நாள் காய்ச்சலில் படுத்தபோது மட்டும் அழுத்தவில்லை.

இப்போது அபூ நாயிஃப். இரண்டாம் மாடி, தண்ணீர்ப் பம்ப் கடை. அவர் மகன் நாயிஃபுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள், அவளோடு ஒரு கார் வந்தது. அந்தக் கார் தெருமுனையில் நிற்கிறது. அவள் கர்ப்பமாக வேறு இருக்கிறாள், சாமான் பையோடு மேட்டில் ஏறி வருவாள். இதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஒரு பக்கமாக எழுதுவதாக நினைப்பாய். அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை, அவர் தன் காரைப் பின்னால் எடுக்கும்போது கை மேல் மோதினார். சேத விவரம்: கை, ஒன்றுமில்லை. அவருடைய பின்விளக்கு, இரண்டு துண்டு.

கட்டடமே எட்டிப் பார்க்கக் கத்தினார். "ஏய் லிஃப்ட்காரா! உங்க அண்ணன் இடத்தப் பூட்டி வெச்சிருக்கியா, இல்ல உங்க அண்ணனையே பூட்டி வெச்சிருக்கியா? வராத காருக்கு இவ்வளவு காவலா?" நான், "கண்ணாடியப் பாத்துப் பின்னால எடுத்திருந்தா விளக்கு இருந்திருக்கும் பெரியப்பா, கை எங்க நிக்கணுமோ அங்கதான் நிக்குது" என்றேன். நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்றாள் அம்மா.

வியாழக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து, அபூ நாயிஃப் ஆறு பெரியவர்களைத் தூதாகக் கூட்டிக்கொண்டு, முறைப்படி ஜாஹா வந்துவிட்டார். முன்னால் யார் தெரியுமா? தரைத் தளத்து நீதிபதி அபூ முஹன்னா, ஓய்வு பெற்ற பிறகும் அதே குரல். ஏழு பேரும் கோட்டுப் போட்டு, தலைத்துணி கட்டி, பெண் கேட்க வந்த மாதிரி. அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. செவ்வாய்க்கிழமைச் சண்டைக்குச் சமாதானம் பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காபி ஊற்றியது நான். கெண்டி என் இடது கையில். நீதிபதி கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தார். கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் இதற்கு ஒரு வரிசை உண்டு: கோப்பையை வைப்பது, கோரிக்கையைச் சொல்வது, வீட்டுக்காரர் வாக்குக் கொடுப்பது, பிறகு குடிப்பது. அப்பா இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவினார். நீதிபதி தொண்டையைச் செருமுவதற்குள், "குடிங்க, குடிங்க! எதுக்கு வந்தீங்களோ அது உங்களுக்கு ஆச்சு!" என்றார். கதவு சாத்துமுன் லிஃப்ட் ஓடினால் என்ன ஆகுமோ அது ஆனது.

நீதிபதி ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு குடித்தார். மற்ற ஆறு பேரும் குடித்தார்கள். ஏழு கோப்பையும் காலியான பிறகு அவர் சொன்னார்: "அல்லாஹ் உங்களுக்கு நிறையக் குடுக்கட்டும், அபூ ஃபிராஸ். ஏழாம் நம்பர் இடத்த அபூ நாயிஃப் மருமகளுக்காகக் கேட்டு வந்தோம்."

அண்ணே, அந்த அறையில் கெண்டியின் மூக்கிலிருந்து காபி சொட்டிய சத்தம்கூடக் கேட்டது. நான் சும்மா இருப்பேனா? "கேக்காத கேள்விக்குச் சொன்னது எப்படிப் பதிலாகும்? இது செல்லாது" என்றேன். அப்பா என்னைப் பார்க்காமலே, "குதைபா, கெண்டியக் கீழ வை. குடிச்ச காபிய யாரும் திரும்ப ஊத்த மாட்டாங்க" என்றார். முகம் சாம்பல். ஆனால் குரல் நடுங்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது உண்மை. அந்த மனிதரின் மகன் என்று அன்றைக்கு நிமிர்ந்து நின்றதும் உண்மை.

அப்போது உள் கதவிலிருந்து அம்மாவின் குரல். ஆண்கள் ஜாஹாவில் அம்மா பேசி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. வெளியே வரவில்லை, திரைக்குப் பின்னால் நின்றே சொன்னாள்: "காபி அபூ ஃபிராஸோடது, அவர் குடுத்துட்டார், நான் குறுக்க வரல. இடம் ஃபிராஸோடது. அவன் வர்ற வரைக்கும் உங்க மருமக நிறுத்தட்டும், புள்ளத்தாச்சி மேடேற வேணாம். அவன் வர்ற அன்னிக்கு, பெட்டிய இறக்குறதுக்குள்ள உங்க காரு வெளிய இருக்கணும். இதுக்கும் சேத்துதான் அந்தக் காபி. சரியா, தப்பா?"

நீதிபதி சிரித்துவிட்டார். "இந்தம்மா என் கோர்ட்ல இருந்திருந்தா நான் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். அபூ நாயிஃப் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். "உம்மு ஃபிராஸ், அவன் வரட்டும்மா. வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா நானே தள்ளிக்கிட்டுப் போறேன்." கெட்ட மனிதர் இல்லை. பின்னால் பார்த்து ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு அம்மா ஆணியிலிருந்து ரிமோட்டை எடுத்துத் துடைத்து மேஜை மேல் வைத்தாள். சனிக்கிழமை நான் அதை இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் ரொட்டி சுட்ட பிறகு அம்மா இப்போது பால்கனிக்குப் போவதில்லை. முக்கால்வாசி போக மீதி என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் கீழே நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து தூணில் சாய்ந்து நின்றார். வெகுநேரம் மோட்டாரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒருத்தனுக்குக் குடுத்த வாக்கு அப்படியே நிக்கணும். ஆனா இன்னொருத்தன் வந்தா அவன் சொல்லு அதுக்கு மேல போகணும். இந்த யந்திரத்துக்கு அது புரியுமா?" புரியும் அப்பா, இரண்டாவது ரிமோட் செய்தால் போதும் என்றேன். "செய்" என்றார். போகத் திரும்பியவர், மோட்டாரிடம் சொல்வது போல, "இந்த வாய் முந்திக்கிட்டதுல எனக்கு ரெண்டு தடவ இழப்பு" என்றார்.

இரண்டாவது தடவை காபி. முதல் தடவை எது என்று அவர் சொல்லவில்லை. நீ கிளம்பிய அன்று எனக்குப் பதினெட்டு வயது, நானும் படிக்கட்டில்தான் நின்றேன், உன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. இனி உன் பெயரே இந்த வீட்டில் வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. கடைக்காரன், இமாம், தபால்காரன் என்று நாள் முழுக்க அந்த மனிதரை அபூ ஃபிராஸ், ஃபிராஸின் அப்பா, என்று உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து, "என்னப்பா" என்கிறார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, ஆகவே இதோடு நிறுத்துகிறேன்.

ரிமோட் விவரம். பச்சைப் பொத்தான் ஒன்றுதான். நீ ஒரு முறை அழுத்தினால் கை இறங்கும், அதே நொடியில் அபூ நாயிஃபின் ரிமோட் செத்துவிடும். திரும்ப உயிர் கொடுக்க நீயே வந்து சொன்னால்தான் உண்டு. மேஜையில் பதினோரு முறை சோதித்துவிட்டுக் கணக்கைப் பூஜ்யமாக்கினேன். சுங்கத்தில் தொல்லை வேண்டாமென்று உள்ளேயிருந்த சின்ன வட்ட பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அங்கேயே ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்.

அம்மா சொல்லச் சொன்னது: கழுத்தில் துணி சுற்றிக்கொள், அல்லாஹ் உன் வழியை நேராக்கி இந்தப் பக்கம் திருப்பட்டும். அப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை. உறையை ஒட்டப் போனேன், வாங்கி ரிமோட்டைப் பருத்தித் துணியில் அவரே சுற்றினார்.

கையெழுத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் கீழே இருப்பது வேலைப் பட்டியல்.

உன் தம்பி,
குதைபா

இனி நான் செய்யப் போவது:

1. நாளை காலை அபூ நாயிஃபின் பின்விளக்கை வாங்கி நானே மாட்டுவேன். கை மேல் தவறில்லை. கார் நெருங்கும்போது மணி அடிக்கும்படி வைக்காதது என் தவறு.

2. அந்த மணியைப் பொருத்துவேன்.

3. மூன்றாம் மாடியிலும் பக்கத்துக் கட்டடத்திலுமாக நாலு பேர் இதே மாதிரி கேட்டிருக்கிறார்கள். செய்து கொடுப்பேன். அவர்களுக்கு ஒரு ரிமோட்தான். இரண்டு ரிமோட் உள்ளது உலகத்தில் ஒன்றே ஒன்று.

4. அபூ நாயிஃபின் மருமகள் காலையில் வெளியே போன பிறகு, கையை ஒரு முறை ஏற்றி இறக்க அம்மாவுக்குப் பால்கனியில் ஒரு சுவிட்ச் வைப்பேன். அவள் கேட்கவில்லை.

5. தரையில் அழிந்துபோன 7-க்கு வெள்ளை அடிப்பேன். பெயின்ட் அப்பா வாங்கி வந்துவிட்டார். எண் வேண்டாம், பெயர் எழுது என்கிறார். யார் பெயர் என்று கேட்டேன். முறைத்தார்.

6. நீ வரும் அன்று கீழே இறங்க மாட்டேன். அப்பா இறங்குவார். அவர் பார்க்கும்போது அழுத்து.

7. ரிமோட் முப்பது மீட்டருக்குள்தான் வேலை செய்யும். மளிகைக் கடை வாசலிலிருந்து அழுத்தினால் கை இறங்குகிறது, அதற்கு மேல் ஓரடி தள்ளினாலும் இல்லை. ஹனோவரிலிருந்து அழுத்திப் பார்க்காதே. இந்த ஒரு குறையை மட்டும் நான் சரிசெய்யப் போவதில்லை.