கணவாயின் தடுப்புக் கம்பத்தைத் தூக்கியவர் ஓட்டுநர் அல்ல என்பது பற்றி

அனுப்புநர்:
குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்,
பேருந்து நிலையத்தின் பின் தெரு.
(‘ஐஸ்பெட்டிக்காரர்’ என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.)

பெறுநர்:
ஓட்டுநர் உரிம அதிகாரி அவர்கள்,
போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: பனிக்கால மலைப்பயணத்தில் நான் செய்த குற்றத்துக்காக வேன் ஓட்டுநரின் உரிமம் நிறுத்தப்பட்டிருப்பது, ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற பெயரை என்னிடமிருந்து நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூடியிருந்த கணவாயின் தடுப்புக் கம்பத்தைத் தூக்கியவன் நான். அதற்காக உரிமத்தை இழந்து நிற்பவர் எங்களை அழைத்துச் சென்ற வேன் ஓட்டுநர். தங்கள் அலுவலக ஆணையில் நான் ‘பாதிக்கப்பட்டவர்’ என்றும் அவர் ‘பொறுப்பற்றவர்’ என்றும் எழுதப்பட்டுள்ளது. இரண்டு சொற்களும் இடம் மாறி விழுந்திருக்கின்றன. உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்வது குறித்து வரும் வியாழக்கிழமை இறுதி விசாரணை என்று அறிகிறேன். அதற்கு முன் தாங்கள் இதை முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. இந்தப் பயணம் ஓட்டுநரின் யோசனை அல்ல. என் மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி, வெயில் காலத்தில் அந்த மலைப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படம் காட்டினார். “அங்க மூச்சு விடவே தனி தெம்பு வேணும் சம்பந்தி. உங்களுக்கெல்லாம் ஒத்துக்காது” என்றார். நான் பனிக்காலத்தில் போவேன் என்றேன். அந்த நேரத்தில் ஆறு உறைந்திருக்கும், அதன் மேல் நடந்து படம் எடுத்து அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். என் மனைவி தட்டை எடுக்க வந்தவர் அப்படியே நின்று, “ஐஸ் மேல நடக்கணும்னா கடையிலயே நடக்கலாமே” என்றார். சம்பந்தி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை. முடிந்திருக்கும், நான் விரும்பவில்லை.

3. நான் பள்ளிக்கூடம் போய்த் தொழில் படித்தவன் அல்ல. பழுதான பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். வாழ்நாள் முழுவதும் குளிரோடுதான் வேலை என்பதால், குளிரைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். பயண ஏற்பாட்டை யாரிடமும் கேட்காமல் கடையிலேயே சோதித்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வைக்கும் நீளப் பெட்டி ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. அதைச் சரிசெய்து, கடைசிப் புள்ளி வரை குளிரேற்றி, என் மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை, மலைக்கென்று வாங்கிய பூட்ஸோடு அதற்குள் இறங்கி நிற்க வைத்தேன். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். “மாமா, குச்சி சொருகி என்னையும் வித்துடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஒரு சோடி கம்பளிக் காலுறையில் கால் குளிர்ந்தது. அதற்கு மேல் இன்னொரு சோடி போடச் சொன்னேன். பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. நானே முட்டி போட்டு உட்கார்ந்து தள்ளி மாட்டிவிட்டேன். இம்முறை அவர் கூடுதல் நேரம் நின்றார். சோதனை வெற்றி என்று முடிவு செய்தேன். “விரல் மரத்த மாதிரி இருக்கு மாமா” என்றார். “நடந்தா சரியாயிடும்” என்றேன்.

பெட்டிக்கு மூடி உண்டு, வெளியே வர இடம் உண்டு, வந்தால் பக்கத்துக் கடையில் டீ உண்டு. இதைக் கணக்கில் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

4. ஓட்டுநரை வீட்டுக்கு வரவழைத்துப் பேசினேன். அவர் அந்தப் பாதையில் பல வருடம் வண்டி ஓட்டியவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “அந்த நேரத்துல கணவாய எப்ப மூடுவாங்க, எப்ப தெறப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்கய்யா. சாவடி வரைக்கும் போவோம். அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்றார்.

ஆணையில் இந்த வாக்கியம், ‘ஓட்டுநர் தாம் பார்த்துக்கொள்வதாக உறுதியளித்தார்’ என்று இருக்கிறது. ஐயா, ‘நான் பாத்துக்கறேன்’ என்பது வேறு, ‘பாத்துக்கலாம்’ என்பது வேறு. முதலாவதைச் சொல்பவர் பாரத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். இரண்டாவதைச் சொல்பவர், இப்போது முடிவு செய்ய வேண்டாம் என்கிறார். எனக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று சொல்ல முடியாது. கடைக்கு வந்து கம்ப்ரசர் போய்விட்டதா என்று கேட்பவர்களிடம் தினமும், “தெறந்து பாத்துக்கலாம்” என்கிறேன். சரிசெய்து தருவேன் என்று அதற்கு இதுவரை ஒருவரும் பொருள் கொண்டதில்லை. கொண்டால் நான் சண்டைக்குப் போவேன்.

ஆனால் அன்று மாலையே சம்பந்திக்குப் போன் செய்து, டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை முதலில் மாறியது அங்கேதான், என் வாயில்.

5. கணவாய் அடிவாரத்துச் சோதனைச் சாவடியை அடைந்தபோது கம்பம் இறக்கப்பட்டிருந்தது. மூடப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு தொங்கியது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், படித்தேன். காவலர் கீழே உள்ள குடியிருப்புக்குப் போயிருந்தார். “வண்டியத் திருப்பிடலாம்யா. மேல காத்து மாறுது” என்றார் ஓட்டுநர். நான், “பாத்துக்கலாம்னு சொன்னது நீதானே? பயந்தா ஸ்டியரிங்க ஏன் புடிக்கற?” என்றேன். என் மனைவியின் முன்னால், மச்சானின் முன்னால் சொன்னேன். நான் இறங்கி, கம்பத்தின் கொக்கியைக் கழற்றி, இரு கையாலும் தூக்கிப் பிடித்தேன். வண்டி வந்தது. வராமல் இருந்திருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். அந்தக் குளிரில் ஒரு கிழவன் கம்பத்தைத் தூக்கிப் பிடித்து, வந்தாலொழிய விடமாட்டேன் என்று நின்றால், அவர் வேறென்ன செய்வார் என்று நான் கேட்கிறேன்.

6. மேல் வளைவில் சக்கரம் பனிக்குள் இறங்கியது. ஓட்டுநரும் மச்சானும் இறங்கித் தள்ளினார்கள். இரண்டு சோடிக் காலுறையோடு இறுகியிருந்த மச்சானின் பூட்ஸுக்குள் பனி புகுந்தது. இருட்டுவதற்குள் உதவி வேண்டும் என்று ஓட்டுநர் தன் மேல்கோட்டைக் கழற்றி என் மனைவியின் மேல் போர்த்திவிட்டுச் சாவடிக்கு நடந்தே இறங்கினார். அவர் போன பிறகு மச்சான், “மாமா, விரல் மரத்துப்போச்சு” என்றார். நடந்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். வண்டியைச் சுற்றி அவரை நடக்க வைத்தேன். பூட்ஸைக் கழற்றச் சொல்லவில்லை.

பாதை சீராக்கும் பணியாளர்கள் இயந்திரத்தோடு வந்து எங்களைக் கீழே கொண்டுவந்தார்கள். மச்சானின் வலது காலில் விரல்கள் போயின. குளிரைவிட இறுக்கம்தான் ரத்தத்தை நிறுத்தியது, ஒரு சோடிக் காலுறை போதும் என்றிருந்தால் விரல்கள் பிழைத்திருக்கும் என்றார் மருத்துவர். மச்சான் கட்டிலில் படுத்துக்கொண்டே, “இனிமே நகம் வெட்டற வேலை பாதி மிச்சம் மாமா” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்த மனு கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

7. அந்தக் கட்டிலின் பக்கத்தில்தான் விசாரணை அலுவலர் என்னிடம், கணவாய் மூடியிருந்தது தெரியுமா என்று கேட்டார். “டிரைவர் பாத்துக்கறேன்னார்” என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி என்னைப் பார்த்தார். அதன் பிறகு, “சோறு இருக்கு”, “கதவு பூட்டியாச்சு” என்பதைத் தவிர என்னோடு பேசவில்லை.

கம்பத்தைத் தூக்கியது யார் என்று சாவடியில் கேட்டபோது ஓட்டுநர், “வண்டி ஓட்டினது நான்தான்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதையே ஒப்புதலாக எழுதிவிட்டார்கள். உண்மையை ஏன் சொல்லவில்லை என்று பிறகு போய்க் கேட்டேன். சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். “ஆஸ்பத்திரியில நிக்கற பெரியவர, உங்களையே, கைகாட்டச் சொல்றீங்களா?” என்றார். அவர் காட்டாத கையை நான் காட்டியிருந்தேன்.

8. வாக்குமூலத்தைத் திருத்தத் தங்கள் அலுவலகத்துக்கு நான் வந்தபோதெல்லாம் எழுத்தர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “அதிர்ச்சில பேசறீங்க ஐயா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றார். அவருடைய மரியாதைக்கு நன்றி. ஆனால் நான் அதிர்ச்சியில் சொன்னது முதல் வாக்குமூலம்தான். அதை உடனே நம்பிய அலுவலகம், தெளிந்த பின் சொல்வதை நம்ப மறுப்பது எந்த விதியின்படி என்று தெரிவிக்கக் கோருகிறேன்.

9. ஆகவே, செய்யப்பட வேண்டியவை:

தாங்கள்: வியாழக்கிழமை விசாரணையில் என்னைக் குற்றம் செய்தவனாக அழைத்துக் கேட்க வேண்டும். அழைக்காவிட்டாலும் வருவேன். ஓட்டுநரின் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘பாதிக்கப்பட்டவர்’ என்பது மச்சான் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

விசாரணை அலுவலர்: ‘பாத்துக்கலாம்’ என்ற சொல்லை ஓட்டுநர் சொன்னபடியே எழுத வேண்டும்.

சாவடிக் காவலர்: கொக்கிக்குப் பூட்டுப் போட வேண்டும். என்னைப் போன்றவர்கள் இன்னும் வருவார்கள்.

நான்: விதிக்கும் தண்டனையை ஏற்க வேண்டும். சம்பந்தியிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இன்று காலை சொல்லிவிட்டேன். என் மனைவியிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. இந்த மனுவின் நகலை அடுப்படியில் அவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.

ஓட்டுநர்: அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வண்டியைத் திருப்பிவிடலாம் என்று அன்றே சொல்லிவிட்டார்.

இடம்: கடை
நாள்: விசாரணைக்கு முந்தைய திங்கட்கிழமை

எழுதியதற்கும் எழுத வேண்டி வந்ததற்கும் பொறுப்பானவன்,
(ஒப்பம்)
ஐஸ்பெட்டிக்காரர்