ஏழாவது விதியை அடித்துவிடு

அன்பு மகளுக்கு,

எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரையிடுவதையே இருபத்தாறு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட உன் தகப்பன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். வீட்டில் என் மதிப்புக்கு மட்டும் உடம்பு சரியில்லை. சென்ற மாதம் உனக்கு அனுப்பிய 'சைக்கிள் சக்கரப் பராமரிப்பு: பன்னிரண்டு விதிகள்' என்பதில் ஏழாவதைத் திரும்பப் பெறுவதே இக்கடிதத்தின் நோக்கம். "பின்சக்கரத்தைத் தொடாதே, காரணம் கடிதத்தில்" என்று நேற்றே போனில் செய்தி அனுப்பினேன். நீ இன்னும் பதில் போடவில்லை. காரணத்தையும் போனிலேயே சொன்னால் என்னவாம் என்று அம்மா கேட்டாள். சொன்னால் நீ சிரிப்பது என் காதில் விழும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அம்மாவின் சைக்கிளில் பின்சக்கரக் கம்பிகள் சில தொளதொளவென்று இருந்தன. தெருமுனைக் கடையில் விடச் சொன்னாள். இதற்கெல்லாமா கடைக்குப் போவது என்று நான், ஏழாவது விதிப்படி ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி ஓசை கேட்டு, கால் திருப்பு அரைத் திருப்பு என நோட்டில் குறித்து, மூன்று மாலைகள் செலவழித்து, முப்பத்தாறு கம்பிகளையும் இரு பக்கமும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்தேன். ரிம் இடப்பக்கம் ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசியது கண்ணில் பட்டது. கண்தான் தவறியிருக்கும், நோட்டு தவறாது என்று தீர்மானித்து பிரேக்கைத் தளர்த்தினேன். சோதனைச் சான்றிதழ் ஒன்று எழுதிக் கைப்பிடியில் கட்டியதையும் மறைக்க விரும்பவில்லை. மறுநாள் அந்தச் சான்றிதழோடு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய அம்மா, பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் காலைத் தேய்த்தே வண்டியை நிறுத்தியிருக்கிறாள். காயமில்லை, ஒரு செருப்பு போயிற்று. மிச்சமிருந்த செருப்பை என் நோட்டின் பக்கத்தில் வைத்தாளே தவிர, திட்டவில்லை. "நான் செருப்போட தப்பிச்சேன். அங்க தினம் மலை இறங்கி வேலைக்குப் போறாளே, அவளுக்கும் இதையேதானே எழுதி அனுப்பியிருக்கீங்க?" என்றாள்.

உடனே கடைக்குப் போய், நண்பர் ஒருவரின் சைக்கிள் என்று சொல்லி விசாரித்தேன். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிராமலே சொன்னார்: "ரெண்டு பக்கமும் சமமா நிக்கிறது உங்க தராசு சார். பின்வீல்ல பல்சக்கரம் இருக்கிற பக்கம் இறுக்கம் ஜாஸ்தி வேணும், அடுத்த பக்கம் கம்மி. அப்பத்தான் ரிம் நடுவுல ஓடும்." நான் நன்றி கூறித் திரும்பியபோது, அந்த நண்பரை வண்டியை உருட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், சான்றிதழையும் கொண்டுவரட்டும், உங்கள் வீட்டு அக்கா சொன்னதிலிருந்து படிக்க ஆசையாக இருக்கிறது என்றார்.

ஆகவே, ஒரு பக்கத்துக் கம்பியை அதே பக்கத்துக் கம்பியோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று திருத்திக்கொள். அதையும் நீ செய்யாதே, தெரிந்தவரிடம் கொடு. ஏற்கெனவே திருகியிருந்தால் அந்த வண்டியில் ஏறாதே, பஸ்ஸில் போ. மீதிப் பதினொன்றை நம்பலாமா என்பாய். அவை மறுபரிசீலனையில் உள்ளன.

நீண்ட ஆயுளும் முழு எலும்புகளும் உனக்கு வாய்க்க எங்கள் ஆசிகள். 'தொடவில்லை' என்று ஒரு சொல்லாவது இன்றே அனுப்பு. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்க, அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகப் போகிறேன். நண்பர் என்று எவரும் இல்லை என்பதையும் கடைக்காரரிடம் என் வாயாலேயே சொல்லிவிடப் போகிறேன்.

இப்படிக்கு,
சான்றிதழும் கையுமாக,
உன் அப்பா