பிரெஞ்சுக் கிராமம் விட்டுத்தராத என் அக்காவுக்கு

என் செல்ல அக்கா,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கொஞ்சம் திட்டுவேன், கோபிக்காதே.

பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு இருநூறு பேர்கூட இல்லாத அந்த ஊருக்கு நீ போனபோது எல்லோரும் உனக்காக இரங்கினார்கள். சிட்னி மாதிரிப் பெரிய நகரத்துக்கு வந்த என் பாடு மேல் என்று நானும் நினைத்தேன். பிறகு அவர்கள் உன்னைக் கிராமசபைக்குத் தெரிவு செய்தார்கள். மேட்டு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு மேயரோடு மல்லுக்கட்டி வென்றாய். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. இங்கே சிட்னியில், நார்த்மீட்டில், பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பெயரே வாயில் வராது.

உன் செத்தவீட்டுக்கு வரும்போதே தீர்மானித்துவிட்டேன். எங்கள் வழக்கப்படி எரித்து, சாம்பலைச் சிட்னிக்குக் கொண்டுவர வேண்டும். உயிரோடு இருந்தபோது கிடைக்காதவள் இனியாவது என் பக்கத்தில் இருக்கட்டுமே!

மேயர் அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. மேயர், மாடு வளர்க்கும் கிழவர், மார்புக்குக் குறுக்கே மூவர்ணப் பட்டியோடு வந்து என்னவோ சொன்னார். உன் மகள் மீரா மொழிபெயர்த்தாள்.

“சின்னம்மா, அம்மாவை அடக்கம் செய்ய இஞ்ச சபை இடம் ஒதுக்கியிருக்காம். நீங்கள் ஓம் எண்டால்தான் எண்டு அப்பாவும் நானும் சொல்லிப்போட்டம்.”

“அவ என்ர அக்கா. அவையின்ர ஆள் இல்லை எண்டு சொல்லு,” என்றேன்.

கிழவர் மெதுவாகச் சொன்னதை மீரா தமிழில் சொன்னாள்.

“ஒவ்வொரு கூட்டத்திலயும் அம்மா தன்னோட சண்டை பிடிச்சவவாம். இனி ஆரோட சண்டை பிடிக்கிறது எண்டு கேக்கிறார்.”

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பொறாமை வந்தது, அக்கா. இத்தனை வருஷமும் உன்னோடு நேருக்கு நேர் சண்டை பிடிக்க அவருக்கல்லவா கொடுத்துவைத்தது? எனக்கு ஏன் இல்லாமல் போயிற்று? அவரிடமிருந்து உன்னைப் பறிக்க மனம் வரவில்லை. ஓம் என்றேன்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் எங்கள் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். மழைக்கு எங்கள் தெரு குளமாவதை எழுந்து சொன்னேன். தலைவர் நன்றி சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்னை எதிர்க்கக்கூட அங்கே ஒருவரும் இல்லை. உனக்கும் முதல் நாள் இப்படித்தானா?

அடுத்த கூட்டத்துக்கும் போவேன். யாராவது ஒருவர் என்னை மறுத்துப் பேசும்வரை போவேன், சத்தியம்.

இன்னும் வயிறெரியும்,
உன் ஒரே தங்கச்சி