இடம் மாறிய புகைபோக்கி

பொன்னேரி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள செங்கு,

கால் வீக்கம் குறைந்ததா? போனில் கூப்பிட்டால் நீ கத்துவாய், நான் அழுவேன், காரியம் ஆகாது. அதனால்தான் மீன் விற்க வந்த பூவம்மாளின் கூடையில் இதை வைத்து அனுப்புகிறேன். கவுச்சி அடித்தால் என்னைத் திட்டாதே.

பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பன்னிரண்டு வருஷம் பழவேற்காடு ஏரியில் நீ கழி ஊன்றிப் படகு தள்ளினாய், நான் முன்னால் உட்கார்ந்து பறவைகளை வரைந்தேன், எழுதினேன். போன மே மாதத்தோடு எல்லாம் நின்றுபோனது. ஆலாக்கள் எந்த மணல்திட்டில் முட்டையிடுகின்றன என்பது எனக்கும் உனக்கும் உன் தம்பி தணிகாசலத்துக்கும் மட்டுமே தெரியும் என்றிருந்தேன். கேமராக்காரர்கள் நாலு பேர் அங்கே இறங்கி அத்தனை முட்டைகளையும் மிதித்துவிட்டுப் போனார்கள். "நீதானே கூட்டிக்கொண்டு போனாய்?" என்று படகுத்துறையில் எல்லார் முன்னாலும் தணிகாசலத்தைக் கேட்டேன். நீ, இனி என் படகில் ஏறாதே என்றாய்.

கேட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் என் புத்தகம் வரப்போகிறது, செங்கு! அட்டையில் நம்முடைய ஆலா. போன வருஷம் ஏப்ரலில் என் கட்டுரையோடு பத்திரிகையில் வந்ததே, அதே படம். இதைவிட நல்ல படம் என் கையில் பிறந்ததில்லை. இறகு இறகாக எண்ணி வரைந்தது. இதை முதலில் உனக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவேன்? அட்டையின் பிரதி ஒன்று இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கோபம் தீராத, ஆனால் உன்னைத் தேடுகிற
துர்கா


பழவேற்காடு
8 ஏப்ரல் 2025

துர்காதேவி அம்மாளுக்கு,

கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. உன் வாய்க்கொழுப்பும் அப்படியேதான் இருக்கிறது.

படம் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். சுவரில் ஒட்டி வைத்தேன். மூன்று நாள் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நேற்று தணிகாசலம் சாப்பிட வந்தான். சோற்றில் கையை வைத்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாக்கா, நம்ம திட்டுக்கு வழிய வரைஞ்சி செவுத்துல ஒட்டிகினு கீற?"

அப்புறம்தான் நான் பறவையை விட்டுவிட்டு அதன் பின்னால் பார்த்தேன். வலது பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, சாய்ந்த பனைமரத்துக்கு நேர் பின்னால். இடது பக்கம் லைட் ஹவுஸ், எங்கள் கங்கையம்மன் கோவில் கலசத்துக்கு நேர் பின்னால். ஏரியில் வலை போட்ட இடத்தை நாங்கள் எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறோம்? இந்தப் பக்கம் இரண்டு பொருள் ஒரே கோட்டில் வரவேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பொருள் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற இடம்தான் இடம். உன்னை வைத்துக்கொண்டே நூறு தடவை பார்த்திருக்கிறேனே, மறந்துபோனாயா? நீ கட்டுரையில் ஊர் பேரைக்கூட எழுதவில்லை என்று பெருமையடித்தாய். படத்தில் முகவரியே எழுதிவிட்டாய்.

ஒரு வருஷமாக என் தம்பி படகுத்துறையில் தலை நிமிரவில்லை. "முட்டை மிதிச்சவன்" என்று கூப்பிடுகிறார்கள். இப்போது அதே படம் புத்தகத்தின் அட்டையா? புகைபோக்கியை நகர்த்து, இல்லாவிட்டால் என் வீட்டுப் பக்கம் வராதே.

செங்கம்மாள்


பொன்னேரி
13 ஏப்ரல் 2025

என் செங்கு,

உன் கடிதம் வந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக வரைகிறேன், இல்லாததை வரைந்ததில்லை, இருப்பதை மாற்றியதில்லை. அந்தப் புகைபோக்கியை எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளர் கேட்டார், அழகாக இருக்குமாம். முடியாது என்றேன். அதன் நிழலில்தான் இந்தப் பறவை வாழ்கிறது என்று சண்டை போட்டேன். அப்படிப்பட்டவளிடம் பொய்யாக வரை என்கிறாயே என்று கொதித்தேன்.

நீ சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே நேற்று கிளம்பி வந்தேன். உங்கள் துறைக்கு வரவில்லை, வடக்கே அடுத்த குப்பத்துத் துறைக்குப் போனேன். என்னைத் தெரியாத ஒரு படகுக்காரர், முனுசாமி என்று பேர். படத்தை மட்டும் நீட்டி, "இந்த இடத்துக்குப் போகணும்" என்றேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இத்த காட்டிகினு போன வருசமே நாலு பேரு வந்தாங்கோ. நான்தான் இட்டுகினு போனேன். ஏறும்மா."

முக்கால் மணி நேரத்தில் நம் திட்டில் இறக்கிவிட்டார். நான் உட்கார்ந்து வரைந்த இடத்திலிருந்து பத்தடிகூட விலகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முட்டைகளை மிதித்தது என் படம், செங்கு. பழி தணிகாசலத்துக்கு.

அச்சகத்தில் அட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் குதித்தார், குதிக்கட்டும். புகைபோக்கியை எடுக்கமாட்டேன், நகர்த்துகிறேன். என் கையால் நான் வரைகிற முதல் பொய். முன்னுரையில், "இந்தப் புத்தகத்தில் ஒரு படத்தில் ஒரு பொய் இருக்கிறது, தெரிந்தே வரைந்தேன்" என்று எழுதியும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, இருபதாம் தேதி காலை, உங்கள் படகுத்துறைக்கு வருகிறேன். எந்த இடத்தில் நின்று கேட்டேனோ அதே இடத்தில் நின்று சொல்லவேண்டும். நீ வராவிட்டாலும் பரவாயில்லை, தணிகாசலத்தை மட்டும் வரச் சொல்.

துர்கா


பழவேற்காடு
23 ஏப்ரல் 2025

அடியே துர்கா,

நான் வந்தேன். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன், நீ பார்க்கவில்லை. ஏலம் நடக்கிற நேரமாகப் பார்த்து, மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என்னோடது, இவர் மேல் பழி போட்டேன்" என்று சொன்னாயே, அப்போது உன் குரல் நடுங்கவே இல்லை. எனக்குத்தான் முந்தானை நனைந்துபோனது.

தணிகாசலம் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான் என்று வருத்தப்படாதே. ஒரு வருஷத்துச் சுமை ஒரு நாளில் இறங்குமா? நீ அவன் கையில் கொடுத்துவிட்டுப் போன புதுப் படத்தைச் சாயந்திரம் எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான். கையை நீட்டி, புகைபோக்கியின் புது இடத்துக்குக் கோடு பிடித்தான். அப்புறம் சிரித்தான் பார், அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"இத்த நம்பிகினு எவனாவது போனான்னு வெச்சிக்கோ, இடுப்பளவு சேத்துல மாட்டிகினு கத்துவான். அக்கா நல்லா பொய் சொல்லுது!"

உன்னை அக்கா என்றான். கவனித்தாயா?

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் படகு. என் கால் இப்படி இருக்கும்போது நான் கழி ஊன்ற முடியாது, அவன்தான் ஊன்றுவான். அவன் முகத்தைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வரவேண்டும். அதுதான் உனக்குத் தண்டனை. நாஷ்டா நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

ஆலா வந்துவிட்டது. நேற்று ஏழு ஜோடி திட்டில் இறங்கியதை அவன்தான் பார்த்தான். பார்த்ததும் என்னிடம்கூட நேராகச் சொல்லவில்லை. "துர்காக்காவுக்கு லெட்டர் போடு" என்றான்.

உன்
செங்கு