சிலிண்டருக்குள் இருந்த மண்

பிள்ளையின் அம்மாவுக்கு,

இந்த வெளிநாட்டில் நான் வேலை செய்யும் சியாகுல்லி ஊர் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில், முந்திக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த நீராவி எஞ்சின் ஒன்றைத் தோண்டி எடுக்கிறார்கள். மண் அள்ள என்னையும் பிடித்தார்கள். உதவியென்று நினைத்து நேற்று அதன் சிலிண்டரைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டேன். தோண்டுவதை நடத்தும் ஆராய்ச்சிக்கார அம்மா, இங்கே சிஞ்ஞோரா என்போம், தலையில் கைவைத்தபடி குந்திவிட்டா.

“இது எப்ப நிண்டதெண்டு அந்த மண்தானே சொல்லியிருக்கும்? இனி ஆரிட்டைக் கேக்கிறது?”

அங்கே ஊரில் மனிதப் புதைகுழியில் எடுத்த உடுப்புகளை அடையாளம் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். போ. காணாமல்போன மகன் எங்கேயாவது உயிரோடு இருப்பான் என்று பதினாறு வருஷமாகச் சொன்னேன், இனிச் சொல்லமாட்டேன்.

அவனுடைய நீலச் சட்டையின் மேல் பொத்தானை நான்தான் கறுப்பு நூலால் தைத்தேன்.

கையில் தந்தால், கழுவிவிடாதே.

உன் மனுசன்