மணிக்கு நேர் கீழே

பெரியவனுக்கு,

உன் தங்கையை இன்று வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்கள். அதை முதலில் இறக்கி வைத்தால்தான் மற்றது எழுத வரும். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

குட்டியை அட்டைப்பெட்டிப் பட்டறையில் சேர்த்துப் பத்து நாள். அவளுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்பதை முதலாளியம்மாவிடம் நான் சொல்லவில்லை, கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். கேட்காத குறையைத் தானாகச் சொல்லி எந்த வியாபாரியடா சரக்கு விற்றிருக்கிறான்? இன்று இடம் மாற்றி, மணிக்கு நேர் கீழே உட்கார வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் அலறிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். போன் வந்தது, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்தம்மா, "மேல நல்ல பெட்டியா அடுக்கி அடியில நசுங்கினத வைக்கிற வேலைய என்கிட்டயே காட்டிட்டீங்களேண்ணே" என்றார். மேஜைக்கு அடியிலிருந்து குட்டி, "அப்பா, நசுங்கினது நானா?" என்று கேட்டாள். அந்தம்மாவே கீழே குனிந்து, "உன்னச் சொல்லலடி, உங்கப்பனச் சொன்னேன்" என்றார். மணி திரும்ப அடிக்குமா என்று கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

முதலாளி மனசு எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் முன்பு நம் எடைக்காரர் இவளைப் போலவே இருக்கும் தன் மகனை நம் கடையில் வேலைக்குக் கூட்டி வந்தபோது, வாடிக்கைக்காரர்கள் பயப்படுவார்கள் என்று தலை நிமிராமலே சொல்லி அனுப்பியவன் நான்தானே. அவர் திரும்பித் தராசுக்குப் போய்விட்டார். இன்று கடைக்குத் திரும்பியதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் இல்லாத நாளில் இவளை யார் வாசலில் நிறுத்தி, யார் தலை நிமிராமல் பதில் சொல்வார்களோ.

போன் பண்ணும்போது பயந்தாயா என்று அவளிடம் கேட்காதே, எத்தனை பெட்டி மடித்தாய் என்று கேள். அவள் மடித்ததில் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையாம். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

முதலாளியம்மாவிடம் பேசி முடித்தது இது: ஒரு மாதம் பார்ப்பது. மற்றவர்களுக்குத் தரும் அதே கூலி. இடம் வாசல் பக்கம், மணிக்குத் தூரமாக. நான் அந்தத் தெருவில் தலை காட்டக்கூடாது. இன்னொரு முறை மேஜைக்கு அடியில் போனால் அன்றோடு சரி. தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் அப்பா