கூண்டு வண்டியில் போனவர்கள்

தென்னூர், திருச்சி
22.10.1979

அன்புள்ள வேதவதிக்கு,

லூர்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரரும் இரண்டு வால்களும் எப்படி இருக்கிறார்கள்? அமெரிக்காவில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன் என்றதும், அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டைப் போய்ப் பார்த்து ஆறு பக்கம் எழுதி அனுப்பினாயே, அதை அப்படியே வகுப்பில் படித்தேன். போர், தேதி என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள், அந்தக் காலத்துப் பெண்கள் மாட்டுக் கொழுப்பில் மெழுகுவத்தி செய்ததையும், திங்கட்கிழமை முழுக்கத் துணி துவைத்ததையும் வாய் பிளந்து கேட்டார்கள். "எங்க வீட்ல தினமும் திங்கக்கிழமைதான் டீச்சர்" என்றாள் ஒருத்தி.

மறுநாள், மேற்கே குடியேறப் போனவர்களின் பாடம். மாதக்கணக்கில் கூண்டு வண்டிப் பயணம். நீங்களாக இருந்தால் வண்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். அரிசி, அம்மிக்கல், மணப்பாறை முறுக்கு என்று ஒரே கூச்சல். லால்குடியிலிருந்து வரும் ரோசரி மட்டும் மெதுவாக எழுந்து, "அம்மாவ ஏத்திக்கலாமா டீச்சர்?" என்றாள். பல அம்மாக்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள் என்றேன். "அப்புறம் எப்ப பாத்தாங்க?" என்று கேட்டாள். நிறையப் பேர் பார்க்கவே இல்லை என்று சொல்ல மனம் வராமல் கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன். நல்லவேளை, மணி அடித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். உன் அம்மா கூடத்தில் படுத்திருந்தார். எழுந்து உட்கார உன் மன்னி கைகொடுக்க வேண்டியிருந்தது. உன் கடைசிக் கடிதத்தை என்னிடம் கொடுத்து இரண்டு தரம் படிக்கச் சொன்னார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தைகளை வச்சுண்டு அங்க திண்டாடிண்டிருக்கா. நீ ஒண்ணும் எழுதிடாதேம்மா" என்றார். சத்தியம் வாங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று மன்னி வாசலில் நின்று சொன்னாள். அதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. உன் சின்னவளை அவர் இன்னும் ஒருமுறைகூட மடியில் வைத்துக்கொண்டதில்லை. லீவு, பள்ளிக்கூடம் என்று அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடாதே. மார்கழிக்குள் வந்துவிடு. ரயிலடிக்கு நானே வருகிறேன்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்கள் பெருமாளிடமும் சொல்லியிருக்கிறேன். கோபுர வாசலுக்கு வெளியே நின்றுதான் சொன்னேன், ஆனாலும் கேட்டிருக்கும்.

உன்
லூர்துராணி